பிரித்திருக்க வேண்டாத இன்ஜின்

ஓர் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா வேண்டாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. நாளைக்கு வாருங்கள் என்பேன். நாளைக்கு வந்தால், இன்னும் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்பேன். கரையான்சாவடிப் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். பெண் பார்க்கப் போனவன்கூட இத்தனை தடவை யோசிக்க மாட்டான் என்பார்கள். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பேச்சும் அவ்வளவாக வராது. எழுதும்போது எதிரே முகம் எதுவும் இல்லை. அதனால் இதை எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

இன்ஜின் வேலை எப்போது தேவை என்பதற்கு அடையாளங்கள் உண்டு. புகைக்குழாயில் நீலப் புகை வரும். எண்ணெய் குறைந்துகொண்டே போகும், ஆனால் கீழே ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்காது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து புஸ் புஸ்ஸென்று புகை மேலே வரும். மேட்டில் ஏறும்போது வண்டி முனகும். முன்னால் கம்பியைச் செருகிக் கையால் மெதுவாகச் சுற்றினால் நான்கு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை எதிர்க்க வேண்டும். தேய்ந்துபோன சிலிண்டர் எதிர்க்காது, கை வழுக்கிக்கொண்டு போகும். இவையெல்லாம் சேர்ந்து வந்தால் தயங்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் வந்தால் தயங்கத்தான் வேண்டும். பல வருடம் ஓடி ஒன்றோடொன்று பழகிப்போன உறுப்புகளைக் காரணமில்லாமல் பிரித்தால் அவை பழையபடி சேர்வதில்லை. தேவைப்படும்போது பிரிக்காமல் விட்டாலும் ஒரு நாள் உள்ளே முறிந்து, நடுச்சாலையில் நிறுத்திவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சரியான நாள் இருக்கிறது. அந்த நாளைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் மெக்கானிக்கின் வேலை. திருகுவதும் கழற்றுவதும் அதற்குப் பிறகுதான்.

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கீற்று வேய்ந்த ஒரு கொட்டகைதான் என் பட்டறை. எனக்கு முப்பத்திரண்டு வயது. அயனம்பாக்கத்திலிருந்து ஒருவர் தம் காரை என்னிடம்தான் கொண்டுவருவார். அவருடைய அப்பா ஏரிப் பாசன நிலங்களில் கூலி வேலை செய்தவர். இவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டினார். முதலாளி புது வண்டி வாங்கியபோது பழைய கறுப்பு வண்டியை இவருக்கே கொடுத்துவிட்டார். அதை வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். காலையில் கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்கும் ஆபீசர்களைத் தொழிற்பேட்டையில் கொண்டுபோய் விடுவார். முகூர்த்த நாட்களில் கல்யாண வீடுகளுக்குப் போவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை நைனா என்பார்.

அவருடைய மனைவிக்கு இழுப்பு நோய். வீடு ஏரிக்கரை ஓரத்தில். மழை பிடித்து, ஏரி நிறைந்து, சுவரில் ஈரம் ஏறிவிட்டால் அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஓர் ஊசி போட்டால் மூச்சு திரும்பிவிடும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நான்கைந்து தடவை அப்படிப் போக வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவர் நீண்ட சவாரி எதுவும் ஒப்புக்கொள்ள மாட்டார். வீட்டு வாசலில் வண்டியை எப்போதும் சாலையைப் பார்த்தபடியே நிறுத்துவார், திருப்புகிற நேரம்கூட வீணாகக் கூடாது என்று.

"வாடகைக்கு ஓடலன்னாலும் பரவால்ல நைனா, அவளுக்கு ஓடணும்" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவை நான் இது நடப்பதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற என் கொட்டகையில் நிறுத்தினார்கள். முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டீங்களா தம்பி" என்று கேட்டார். அவ்வளவு களைப்பிலும் கேட்டார். நான் குனிந்துகொண்டே தலையாட்டினேன்.

புரட்டாசி பிறந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். ஒரு காலையில் அவர் வண்டியோடு வந்தார். இன்ஜினை நிறுத்தாமல் இறங்கி, "இத்தக் கொஞ்சம் கேளு" என்றார்.

டொக், டொக் என்று ஒரு அடி. வேகம் கூட்டினால் அடியும் கூடியது. நான் ஒரு நீளமான திருப்புளியின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்டேன். இப்படிக் கேட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கீழேயிருந்து வந்தது. பிறகு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எந்த ஒயரைக் கழற்றும்போது அடி மங்குகிறதோ அந்தச் சிலிண்டரின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது ஒயரைக் கழற்றியபோது மங்கியது போல இருந்தது. போல இருந்தது, அவ்வளவுதான். நீலப் புகை இல்லை. எண்ணெய் குறையவில்லை. கம்பியைப் போட்டுச் சுற்றினால் நான்கு சிலிண்டரும் கையை நன்றாகவே எதிர்த்தன.

கொட்டகையில் நான்கு டிரைவர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இன்னா நைனா, இன்னா சொல்லுது வண்டி?"

"பேரிங் மாதிரி தெரியுதுண்ணே."

"மாதிரியா, பேரிங்கேவா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். லாரி டிரைவர் ஒருவர், "அவன் வாயிலேருந்து வார்த்தை வரணும்னா ஜாக்கி வச்சித்தான் தூக்கணும் மாமே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அயனம்பாக்கத்துக்காரர் சிரிக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. மழை முடியிற வரைக்கும் தாங்குமா? அவள வச்சிகினு நடு ரோட்ல நின்னுட்டா நான் இன்னா பண்ணுவேன்? தாங்கும்னா அப்பிடியே உட்டுடறேன். தாங்காதுன்னா இப்பவே பிரிச்சிடு. மழைக்கு இன்னும் நாள் கீது."

பேரிங்காக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போகும். தாங்கும் என்று சொல்லி, போய்விட்டால்? அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து பேர் எதிரே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"பிரிச்சிடலாம்ணே" என்றேன்.

"அப்பாடா, தூக்கிட்டான்யா" என்றார் லாரி டிரைவர்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. சின்ன வேலைக்கு எதுவும் கிடையாது. இன்ஜினை இறக்குவதென்றால் வண்டிக்காரர் நாள் பார்ப்பார். வண்டி முன்னால் கற்பூரம் ஏற்றி, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு முழம் தள்ளிவிட்டுத்தான் மெக்கானிக் முதல் போல்ட்டைத் தொட வேண்டும். பூசை போட்டுத் தொடங்கிய வேலையை நடுவில் நிறுத்தினால் வண்டிக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது என்பார்கள். நான் கத்தோலிக்கன். ஆனாலும் அந்த வழக்கத்துக்கு ஒதுங்கி நின்று இடம் கொடுப்பேன்.

அவர் பார்த்த நாள் ஒரு வியாழக்கிழமை. நான் அதிகாலையிலேயே ரேடியேட்டரைக் கழற்றி, முன்பக்கத்தைத் திறந்து தயாராக வைத்திருந்தேன். அவரும் அந்த அம்மாவும் ரிக்‌ஷாவில் வந்தார்கள். அந்த அம்மா ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தார். ஒரு ஓட்டுத் துண்டின் மேல் கற்பூரம் வைத்து ஏற்றினார்கள். இரண்டு பேரும் கண்ணை மூடி நின்றார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல், சும்மா நிற்பதற்குப் பதிலாக, மின்விசிறிப் பட்டை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தேன். அந்தப் பட்டை ஓடுகிற கீழ்ப் புல்லி என் கையில் ஆடியது.

இன்னொரு தடவை பிடித்து அசைத்தேன். டொக் என்றது.

அந்தப் புல்லி இன்ஜினின் தண்டில் மாட்டியிருப்பது. அதை இறுக்கிப் பிடிக்கும் நட்டு தளர்ந்து, உள்ளே இருக்கும் சிறு இரும்புத் துண்டு தேய்ந்துவிட்டால் வண்டி ஓடும்போது இப்படித்தான் அடிக்கும். கேட்பதற்குப் பேரிங் அடிப்பது போலவே இருக்கும். ரேடியேட்டரைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும். கழற்றிவிட்டால் ஒரு மணி நேர வேலை.

எனக்குத் தெரிந்துவிட்டது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கண்ணைத் திறந்து, ஓட்டுத் துண்டை என் பக்கம் நீட்டி, "நல்லபடியா பண்ணுங்க தம்பி" என்றார். ஒற்றிக்கொள்ளவும் வராமல், மறுக்கவும் முடியாமல் நான் கையை அந்தச் சுடருக்கு மேலே காட்டினேன். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். அக்கா, இது வேண்டாம், புல்லிதான் ஆடுகிறது, மத்தியானத்துக்குள் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று சொல்லியிருக்கலாம். பூசை போட்ட பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நான்கு டிரைவர்கள் முன்னால் பேரிங் என்று சொன்னதையும் நினைத்தேன். பிரித்துப் பார்ப்பதில் என்ன கெட்டுவிடப் போகிறது, நல்லதுதானே என்றும் நினைத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. நான் முதல் போல்ட்டைக் கழற்றினேன்.

மறுநாள் இன்ஜின் இறங்கிவிட்டது. உள்ளே எல்லாம் நன்றாக இருந்தன. தண்டில் ஒரு கீறல் இல்லை. பேரிங் தகடுகள் பிறை போல வளைந்து, மங்கலான வெள்ளி நிறத்தில், இன்னும் நாலு வருடம் ஓடும் என்று சொல்வது போல இருந்தன. அன்றே மூடியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வண்டி அயனம்பாக்கத்தில் நின்றிருக்கும். ஆனால் இன்னொரு வழக்கம் இருந்தது. கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு துணியில் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும். மெக்கானிக் ஏமாற்றவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எதைக் கட்டிக் கொடுப்பது?

கொட்டகை மூலையில் ஒரு தகர டப்பாவில் வேறு ஒரு வண்டியிலிருந்து எடுத்த பேரிங் தகடுகள் கிடந்தன. வெள்ளி மொத்தமும் தேய்ந்து, செம்பு தெரிந்து, ஓரம் பெயர்ந்து போனவை. மூன்றாம் நாள் அவர் வந்தபோது அவற்றைத்தான் துணியில் வைத்து நீட்டினேன்.

அவர் ஒன்றை எடுத்து விரலால் தடவினார். "இன்னா நைனா இது, நாய் கடிச்ச மாதிரி கீது. எப்பிடி இப்பிடி ஆச்சி?"

மெக்கானிக்குகள் எல்லோரும் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. யோசிக்காமலே வாயில் வந்துவிடும். எனக்கும் வந்தது. "எண்ணெய் மாத்தாம ஓட்டினா இப்பிடித்தாண்ணே ஆவும்."

அவர் துணியை முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, "பிரிச்சது பிரிச்சாச்சி. ரிங்கு, வாஷர் எல்லாம் புதுசா போட்டுடு" என்றார்.

பிஸ்டன் ரிங் நகரத்தில் கிடைத்தது. ஹெட்டுக்கு, அதாவது இன்ஜினின் மேல்மூடிக்கு, அடியில் வைக்கும் செம்புத் தகடு கிடைக்கவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். ஐந்து நாள் போயிற்று. அந்த வருடம் மழை ஐப்பசிக்குக் காத்திருக்கவில்லை. ஆறாம் நாள் விடியற்காலையில் பிடித்துக்கொண்டது.

அன்று மத்தியானம் அவர் என் கொட்டகையில்தான் இருந்தார். நான் வால்வுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் மண்ணெண்ணெயில் போல்ட்டுகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். கீற்றிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார்.

"அண்ணாத்தே, அண்ணிக்கு இழுக்குது. ரொம்ப இழுக்குது. ரிக்‌ஷா ஒண்ணு புடிச்சி ஏத்தி அனுப்பிட்டுத்தான் வர்றேன்."

அவர் எழுந்தார். எழுந்தவர் முதலில் வண்டி நிற்கும் பக்கம் திரும்பினார். பழக்கம்தான். முன்பக்கம் வாயைப் பிளந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் அது நின்றது. பிறகு பலகையின் மேல் தலைகீழாக நிறுத்தியிருந்த நான்கு பிஸ்டன்களைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. வந்தவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏரிக்கரைப் பாதையில் ரிக்‌ஷா சேற்றில் இறங்கிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். நான்கு பேர் சேர்ந்து அந்த அம்மாவைப் பெரிய சாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவரும் வழியில் சேர்ந்துகொண்டார். ஒரு லாரி நின்று ஏற்றிக்கொண்டது. பாதித் தூரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

சாயங்காலம் நான் போனேன். மழை விட்டிருந்தது. வாசலில் வண்டி நிற்கிற இடத்தில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எண்ணெய் மாத்தாம ஓட்டிட்டேன் நைனா. இந்த மாசம் ஓட்டும், அடுத்த மாசம் மாத்திக்கலாம்னு ஓட்டிட்டேன். நான்தான் அவள..." என்றார்.

நான் அழுதேன். பார்த்தவர்கள் நல்ல மனுஷன் என்று நினைத்திருப்பார்கள்.

செம்புத் தகடு அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. எல்லாவற்றையும் பூட்டினேன். கடைசியாகப் புல்லிக்குப் புதிய துண்டு வைத்து நட்டை இறுக்கினேன். அவர் வந்து கிளப்பிப் பார்த்தார். அடி இல்லை. "சத்தம் போச்சு" என்று மட்டும் சொன்னார். ஸ்டீயரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே இருந்தார். வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் வண்டியை விட்டுப் போனதே தவிர, எங்கும் போய்விடவில்லை. பக்கத்து வீட்டுத் தையல் மெஷினில் கேட்டது. மழை நாளில் கீற்றிலிருந்து தகரத்தில் சொட்டுகிற தண்ணீரில் கேட்டது. வேறு வண்டிகளில் திருப்புளியைக் காதில் வைத்தால், அடி இல்லாத இன்ஜினிலும் கேட்டது. என் காதை நானே நம்ப முடியாமல் போயிற்று. கொட்டகையில் யாரும் இல்லாதபோதும் யாரோ கண்ணை மூடிக்கொண்டு வண்டி முன்னால் நிற்பது போலிருக்கும். நிமிர்ந்து பார்க்க மாட்டேன். வேலையைக் குனிந்தபடியே செய்து முடிப்பேன்.

அவர் ஒவ்வொரு மாதமும் எண்ணெய் மாற்ற வரத் தொடங்கினார். ஒரு மாதத்தில் எண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது. அடியில் தட்டை வைத்துத் திருகைக் கழற்றினால் தேன் நிறத்தில், ஊற்றியது ஊற்றியபடியே இறங்கும்.

"இன்னும் ரெண்டு மாசம் ஓடும்ணே" என்பேன்.

"வேணாம் நைனா. மாத்திடு" என்பார்.

எண்ணெய் முழுதும் வடியும் வரை தட்டுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இப்படிக் கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

நான் எங்கள் மாதா கோயிலில் சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அங்கே நடுவில் தடுப்பு இருக்கும், முகம் தெரியாது. எனக்கு அதனால் சொல்ல முடிந்தது. சாமியார் கேட்டு முடித்து, "அவரிடம் போய் இதே வார்த்தைகளில் சொல். அதுதான் உனக்கு அபராதம்" என்றார். செபம் கொடுப்பார், முழங்காலில் நின்று சொல்லி முடித்துவிடலாம் என்று போயிருந்தேன். அபராதத்தை நிறைவேற்றவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையில் கொடுக்கும் அப்பமான நன்மையை வாங்கவும் போகவில்லை. எல்லோரும் வரிசையில் போகும்போது நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என் மனைவி காரணம் கேட்டாள். ஒரு தடவைதான் கேட்டாள்.

ஒரு நாள் ஆவடியிலிருந்து ஒருவர் புதிதாக வாங்கிய பழைய காரோடு என் கொட்டகைக்கு வந்தார். அயனம்பாக்கத்துக்காரர் தம் எண்ணெய் வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து அவிழ்த்தார்.

"இத்தப் பாருங்க சார். எண்ணெய் மாத்தல நானு. என் பொண்டாட்டி போய்ட்டா. நீங்க மாத்திடுங்க."

வந்தவர் என்னைப் பார்த்தார். தகடுகள் நாளாகி நாளாகி, தொட்டுத் தொட்டு, வழவழவென்று ஆகியிருந்தன. அவர் அவற்றைத் திரும்பக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி தட்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அயனம்பாக்கத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். நல்ல வெயில். அவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டி சாலையைப் பார்த்து நின்றது.

"வா நைனா. இன்னா இவ்ளோ தூரம்? வேர்த்துப் போய் கீற. மோர் துன்றியா, குடிக்கிறியா?" என்று கேலியாகக் கேட்டார். என்னிடம் அவர் எப்போதும் இப்படித்தான் பேச்சைத் தொடங்கி வைப்பார்.

நான் சைக்கிளைப் பிடித்தபடியே சொன்னேன். பேரிங் நன்றாக இருந்தது. புல்லிதான் ஆடியது. கற்பூரம் எரியும்போதே எனக்குத் தெரியும். உங்கள் பையில் இருப்பது வேறு வண்டியின் தகடு. நீங்கள் எண்ணெய் மாற்றாததால் எதுவும் கெடவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது போலிருந்தது.

அவர் துணியைப் பிழிந்து வண்டியின் மேல் காயப் போட்டார்.

"புல்லி மட்டும்தானா?"

"புல்லி மட்டும்தாண்ணே."

"அதுக்கு எவ்ளோ நேரம் வேலை?"

"ஒரு மணி நேரம்."

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "அப்போ அன்னிக்கி வண்டி நல்லாத்தான் கீந்துச்சா? ஓடியிருக்குமா?"

இந்தக் கேள்வியை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவர் தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்குவதாகத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"ஓடியிருக்கும்ணே."

பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள். ஏரியில் கொக்கு ஒன்று இறங்கியது. அவர் திண்டு மாதிரி இருந்த கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"இல்ல நைனா" என்றார் கடைசியில். "நீ எனக்கோசரம் சொல்ற. அன்னிக்கி ஆவடிக்காரர் கிட்ட நான் பேசினத்தக் கேட்டுட்டு, உனக்கு மனசு கேக்கல. அதான்."

"இல்லண்ணே. அந்தத் தகடு உங்க வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது. அகலம் வேற. காட்டறேன்."

"எப்பிடிக் காட்டுவ?"

நான் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன்.

"இன்னொரு தபா பிரிக்கப் போறியா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "போ நைனா. ஊட்டுக்குப் போ. வெயிலு ஏறுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நன்மை வாங்கினேன். அபராதத்தை நிறைவேற்றிவிட்டேன், சட்டப்படி சரிதான். நாக்கில் வைத்த அப்பத்தை விழுங்குவதற்கு வெகு நேரம் ஆனது.

எண்ணெய் மாற்றும் நாள் வந்தது. அவர் வந்தால் நம்பவில்லை என்று அர்த்தம். அவர் நம்பவில்லையென்றால் இன்னும் தம்மைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். வராவிட்டால் நம்பிவிட்டார். நம்பிவிட்டால், வாசலில் நல்ல வண்டி ஒன்று நின்றிருக்க வேண்டிய நாளில் அது என் கொட்டகையில் காரணமில்லாமல் பிரிந்து கிடந்தது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எது நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது? காலையிலிருந்து தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கறுப்பு வண்டி பெரிய சாலையில் போவதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். ஹாரன் அடிக்காமல் போயிற்று. முன்பெல்லாம் கொட்டகையைத் தாண்டும்போது இரண்டு தடவை அடிப்பார். மழைக்காலம் வந்து போயிற்று. லாரி டிரைவர் மட்டும் ஒரு தடவை, "இன்னா, உன் ஆளு வண்டிய வித்துட்டாரா, ஆளையே காணோம்" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

எட்டு மாதம் கழித்து, மாசியில், அவர் வந்தார். வண்டியை நிறுத்தி இறங்கினார். கொஞ்சம் மெலிந்திருந்தார். சட்டைப் பை தட்டையாக இருந்தது.

"எண்ணெய்" என்றார்.

நான் அடியில் படுத்துத் திருகைக் கழற்றினேன். எண்ணெய் கறுப்பாக இறங்கியது. ரோட்டுக்குப் போடும் கீலைக் காய்ச்சி ஊற்றியது போல, கனமாக, மெதுவாகத் தட்டில் விழுந்தது. நான் அடியிலேயே படுத்துக் கிடந்தேன். அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. குத்துக்காலிட்டு உட்கார அவர் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

"ரொம்பக் கருப்பா கீதா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"ஆமாண்ணே. எட்டு மாசம் ஆச்சே."

"ஆமா" என்றார். "எட்டு மாசமா ஒனக்கு இன்னா செய்யலாம்னு யோசிச்சிகினு இருந்தேன்" என்றார்.

எண்ணெய் நூலாக மெலிந்து, பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ஒண்ணும் தோணல" என்றார். "சீக்கிரம் முடி. கொரட்டூர்ல பார்ட்டி காத்துகினு கீது."

நான் திருகைப் போட்டு இறுக்கினேன்.